காசியில சாமியும் பாக்கணும், பட்டும் எடுக்கணுமா? இப்படிப் போங்க

காசிக்குக் கிளம்புறவங்க என்கிட்ட கேக்குறது ரெண்டுதான், விஸ்வநாதரை நிம்மதியா எப்படிப் பாக்குறது, பனாரஸ் பட்டை ஏமாறாம எப்படி எடுக்குறது. ரெண்டையும் ஒரே நாள்ல நடந்தே முடிக்கலாம்ங்க. டிசம்பர் ஜனவரில மூடுபனியில ட்ரெயின் மணிக்கணக்குல லேட் ஆகும், அதனால நவம்பர் இல்ல பிப்ரவரி நல்லது.

விடியறதுக்கு முன்னாடியே கோயில் வரிசைக்குப் போயிடுங்க. செல்ஃபோன் உள்ள விடமாட்டாங்க, ரூம்லயே வெச்சுட்டு வந்துடுங்க, இல்லைனா லாக்கர் ஃப்ரீன்னு கூப்பிடுற கடைக்காரர் பூஜைத்தட்டை உங்க தலையில கட்டிடுவார். தரிசனம் முடிஞ்சதும் படித்துறை ஓரமாவே தெற்கால நடந்தா கேதார் காட் வரும், செவப்பு வெள்ளை பட்டை அடிச்ச கோயில், குமரகுருபரர் வழிவந்த மடமும் அங்கதான் இருக்கு, தமிழ்ப் பேச்சு காதுல விழும். (பிணம் எரிக்கிற மணிகர்ணிகா படித்துறைக்குப் போனா, சிதையை மட்டும் ஃபோட்டோ எடுக்காதீங்க, ப்ளீஸ்.)

அங்கேர்ந்து மேல ஏறி மெயின் ரோட்டுக்கு வந்தா மதன்புரா. இதான் நெசவாளிங்க ஏரியா, சந்துக்குள்ள நுழைஞ்சாலே தறிச் சத்தம் கேக்கும். கேட்டுட்டு உள்ள போய்ப் பாருங்க, ஆனா வெள்ளிக்கிழமை வேண்டாம், தொழுகை நாள், தறி பெரும்பாலும் ஓடாது.

சேலையைக் கையில வாங்கினதும் முதல் வேலை திருப்பிப் பாக்குறதுதான். முன்பக்க ஜரிகையில மயங்குனீங்க, போச்சு! பின்பக்கம் பூவுக்குப் பூ நடுவுல நூல் எதுவும் ஓடாம சுத்தமா இருந்தா அது கடுவா, ஒவ்வொரு பூவுக்கும் தனித்தனியா சின்ன நூல்கண்டை விட்டு நெய்யணும், அதனால ஒரு சேலைக்கே மாசக்கணக்குல ஆகும், விலையும் அப்படித்தான். வெட்டி விட்ட நூல் நுனி பிசிறு பிசிறா இருந்தா கட்வொர்க், அதுவும் நல்ல சேலைதான், ஆனா கடுவா விலை குடுக்காதீங்க. அடுத்து ரெண்டு ஓரத்தையும் வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க, கைத்தறில துணி சுருங்காம இருக்க ஓரத்துல ஊசி குத்தி இழுத்துப் புடிப்பாங்க, அந்தப் பொடி ஓட்டை வரிசையாத் தெரியும்.

லேபிள் விஷயத்துல நானே ஏமாந்திருக்கேன். ஆட்டோக்காரர் கூட்டிட்டுப் போன ஒரு கடையில சில்க் மார்க்கைக் காட்டி கைத்தறின்னு சொன்னாங்க, நம்பி வாங்கிட்டு வந்து பாத்தா பவர்லூம். சில்க் மார்க் பட்டுன்னு மட்டும்தான் சொல்லும், கைத்தறிக்கு ஹேண்ட்லூம் மார்க் தனியா இருக்கணும். பனாரஸ் பட்டுக்கு 2009லயே புவிசார் குறியீடும் வந்தாச்சு, அதையும் கேட்டுப் பாருங்க. ஆட்டோக்காரர் கமிஷனும் சேலை விலையிலதான் சேரும், அதனால நடந்தே போங்க.

வாங்கினதை பழைய காட்டன் வேட்டியில சுத்தி வைங்க, பிளாஸ்டிக் கவர்ல வெச்சா ஜரிகை கறுத்துடும். சாயங்காலம் படித்துறையில நடக்குற கங்கை ஆரத்திக்குப் போகும்போது அதை ரூம்லயே வெச்சுட்டுப் போங்க, கூட்டம் அப்படி!