ஸ்டோனர் ராக் ஆல்பத்தைக் கேட்டு மதிப்பிடும் முறை: ஸ்லீப் குழுவின் ‘தி சயின்சஸ்’

ஸ்டோனர் ராக் எனப்படும் கனத்த ராக் வகையில் புதிய ஆல்பம் ஒன்று வெளியானதும், முதல் இரண்டு நிமிடங்களைக் கைபேசியில் கேட்டுவிட்டு ‘வெறும் இரைச்சல்’ என்று ஒதுக்குபவர்கள் உண்டு. குழுவின் பெயரைப் பார்த்த மாத்திரத்தில் ‘அற்புதம்’ என்று எழுதுபவர்களும் உண்டு. இரு தரப்பாரின் கருத்தும் கேட்பவருக்குப் பயன்படுவதில்லை. இந்த இசையின் பலம் மிகத் தாழ்ந்த ஒலிகளிலும் மிக நிதானமாக நிகழும் மாற்றங்களிலும் இருப்பதால், அவை இரண்டும் காதில் விழும்படி கேட்ட பிறகே அதைப் பற்றி எதையும் சொல்ல முடியும். அதற்கான வழியை விளக்க, கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் உருவான ஸ்லீப் குழுவின் ‘தி சயின்சஸ்’ ஆல்பத்தை எடுத்துக்கொள்கிறேன். தேர்ட் மேன் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் 2018 ஏப்ரல் 20 அன்று வெளியிட்ட இந்த ஆல்பத்தில் ஆறு டிராக்குகள் உள்ளன. மொத்தம் ஏறத்தாழ 53 நிமிடங்கள். அந்தத் தேதி கஞ்சாப் பிரியர்கள் கொண்டாடும் நாள் என்பதும், இந்த இசைவகையின் பெயரே அந்தப் பழக்கத்திலிருந்து வந்தது என்பதும் மறைக்க வேண்டிய செய்திகள் அல்ல. எனினும் கேட்பதற்குப் பொறுமையைத் தவிர வேறெதுவும் தேவைப்படாது.

முதலில் கேட்கும் கருவியைக் கவனிக்க வேண்டும். வழக்கமான சுருதியில் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி சுமார் 82 ஹெர்ட்ஸ் அளவில் அதிர்கிறது. ஸ்லீப் குழுவினர் தந்திகளை நான்கு அரைச்சுரங்கள் இறக்கி வாசிப்பதால் அது 65 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. பேஸ் கிட்டாரின் தாழ்ந்த தந்தியோ 41 ஹெர்ட்ஸிலிருந்து 33 ஹெர்ட்ஸ் அளவுக்கு வந்துவிடுகிறது. கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியால் இவற்றை எழுப்ப இயலாது. மேல் அதிர்வுகள் மட்டும் வெளிவர, விடுபட்ட அடித்தளத்தை நம் மூளையே ஊகித்துக்கொள்கிறது. அதனால் மெட்டு புரியும், எடை புரியாது. காதை நன்றாக அடைத்துக்கொள்ளும் சாதாரண இயர்ஃபோன் இருந்தாலே போதும். ‘பேஸ் பூஸ்ட்’ போன்ற வசதிகளை அணைத்துவிடுங்கள். ஃபஸ் என்னும் கரகரப்பு ஏற்கெனவே தாழ்ந்த பகுதியை நிரப்பியிருப்பதால், அதை மேலும் ஏற்றினால் டிரம்ஸின் மிதி முரசும் பேஸ் கிட்டாரும் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். ஒலியளவைக் கூட்டினால்தான் இந்த இசை பிடிபடும் என்று ரசிகர்கள் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பதும், ஒலி கூடக் கூட அந்த நேரம் விரைவாகச் சுருங்கும் என்பதும் உலக சுகாதார அமைப்பின் அறிவுரை.

சுருதியை இறக்கும் இந்த வழக்கத்தின் வேர் இங்கிலாந்தின் பர்மிங்காமில் இருக்கிறது. தொழிற்சாலை விபத்தில் இரு விரல் நுனிகளை இழந்த பிளாக் சாபத் குழுவின் டோனி அயோமி, விரல்களுக்குச் சிரமம் குறையத் தந்திகளைத் தளர்த்தி வாசித்தார். 1971-இல் வந்த அவர்களுடைய மூன்றாவது ஆல்பத்தில் அந்தத் தாழ்ந்த ஒலி தெளிவாகக் கேட்கிறது. ஸ்லீப் அந்த வழியில் வந்த குழு என்பதை இந்த ஆல்பத்தில் உள்ள ‘கீஸா பட்லர்’ என்ற பாடலின் தலைப்பே சொல்லிவிடுகிறது. சாபத்தின் பேஸ் கலைஞர் கீஸர் பட்லரின் பெயரில் எகிப்தின் பிரமிடு நகரை ஏற்றிவைத்த குறும்பு அது. வேத நூலின் நடையில் கஞ்சாவைப் போற்றும் வரிகளை முகத்தில் சிரிப்பே இல்லாமல் பாடுவது இவர்களுடைய வழக்கம். அதை நேர்பொருளில் எடுத்துக்கொண்டு கோபப்படுபவர் நகைச்சுவையைத் தவறவிடுகிறார்.

இனி கேட்கும் முறை. டிராக்குகளை வரிசை மாற்றாமல், ஒரே அமர்வில் கேளுங்கள். முதல் மூன்று நிமிடங்கள் ஆம்ப்ளிஃபயரின் ஃபீட்பேக் ஓசை மட்டுமே. அதைத் தாண்டிச் செல்லும் ஆசை வரும், தாண்ட வேண்டாம். அந்த ஓசையில் ஊறிய காதுக்குத்தான், இரண்டாவது டிராக்கில் புகைக்குழாயின் நீர் குமிழியிட்ட பின் வந்து இறங்கும் முதல் ரிஃபின், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் மெட்டின், கனம் தெரியும். அடுத்து வரும் ‘சோனிக் டைட்டன்’ பன்னிரண்டு நிமிடங்களுக்கு மேல் நீள்கிறது. இங்கே ஒரு பயிற்சி செய்யலாம்: ஒரே ரிஃப் எத்தனை சுற்று வருகிறது என்று விரல்விட்டு எண்ணுங்கள். மெட்டு மாறாதிருக்கையிலேயே டிரம்ஸின் அடி எந்தச் சுற்றில் இடம் மாறுகிறது, பேஸ் கிட்டார் எப்போது கிட்டாரை விட்டு விலகித் தனி வழி போகிறது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். விளம்ப காலப் பாட்டில் பழகியவருக்கு இந்தக் கணக்கு எளிதில் வசப்படும். பேஸ் கிட்டார் வாசித்தபடி பாடும் ஆல் சிஸ்நெரோஸின் குரல் ஏற்ற இறக்கம் குறைந்து, மந்திரம் ஓதுவது போல வருவதால், அதை மெட்டாகத் தேடாமல் தாளத்தின் ஓர் உறுப்பாகக் கேட்பதே சரி. முதல் முறை டிரம்ஸையும், மறு முறை பேஸ் கிட்டாரையும் பின்தொடருங்கள். மாட் பைக்கின் கிட்டார் கூப்பிடாமலே காதுக்கு வந்துவிடும்.

இதன் பிறகு பிறருடைய கருத்துகளைப் படிக்கலாம். படிக்கும்போது எழுதியவர் எப்போது எழுதினார் என்பதைப் பார்ப்பது நல்லது. ‘தி சயின்சஸ்’ வருகிறது என்ற அறிவிப்பே வெளியீட்டுக்கு முந்தைய நாள்தான் வந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக ஸ்டுடியோ ஆல்பம் எதையும் தராத குழு அது. ஆகவே முதல் நாள் பாராட்டில் இசையின் மதிப்போடு, காத்திருந்தவர்களின் நிம்மதியும் கலந்திருக்கும். விமர்சகர்கள் பெரும்பாலும் நல்ல வரவேற்பே அளித்தார்கள் என்றாலும், நான் அதிகம் நம்புவது சில வாரங்கள் கழித்து எழுதப்பட்டவற்றைத்தான். ‘பழைய சரக்கு’ என்ற குறைக்கு ஓர் அடிப்படை உண்டு: ‘சோனிக் டைட்டன்’ பாடலின் மேடைப் பதிவு 2003-லேயே வெளிவந்துவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் அந்தக் குறை எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை நீங்களே முடிவு செய்யலாம். டிரம்ஸில் முன்பிருந்த கிறிஸ் ஹேகியஸின் இடத்தில் நியூரோசிஸ் குழுவின் ஜேசன் ரோடர் வாசிக்கிறார் என்பதும் பழைய ரசிகர்களின் பேச்சில் அடிபடும். ரோடரின் அடி இறுக்கமானது, எனக்கு அது பிடித்திருக்கிறது. ‘எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி’ என்பவரிடம், எந்தக் கருவியில் கேட்டார் என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் எழுதும்போது, எந்த டிராக்கின் எத்தனையாவது நிமிடம் என்று குறிப்பிட்டு எழுதினால் படிப்பவர் சரிபார்த்துக்கொள்ள முடியும்.

பிடித்துவிட்டால் அடுத்து இதே குழுவின் ‘டோப்ஸ்மோக்கர்’ கேட்கலாம். ஆனால் அதிலிருந்து தொடங்க வேண்டாம். ஒரே பாடலாக 63 நிமிடங்கள் ஓடும் அந்தப் படைப்பை லண்டன் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் வெளியிட மறுத்தது, குழுவும் கலைந்தது. 1999-இல் ‘ஜெருசலம்’ என்ற பெயரில் சுருங்கிய வடிவமும், 2003-இல் முழு வடிவமும் வந்தன. முழு வடிவத்தையே தேர்ந்தெடுங்கள். வேகம் வேண்டுபவர்கள் பைக்கின் ஹை ஆன் ஃபயர் குழுவுக்கும், இதைவிட அமைதியை விரும்புபவர்கள் சிஸ்நெரோஸும் ஹேகியஸும் தொடங்கிய ஓம் குழுவுக்கும் செல்லலாம்.