சென்னைத் துறைமுகத்தின் பழைய கடல் அறிவிப்புகளைப் படிக்கும் முறை

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் ஜார்ஜ் கோட்டை அரசிதழின் பழைய தொகுதிகளைப் புரட்டுவோர், பணி நியமனங்களுக்கும் ஏல விளம்பரங்களுக்கும் நடுவே மாலுமிகளுக்கான அறிவிப்புகளையும் நோய்த்தொற்றுள்ள துறைமுகங்களிலிருந்து வரும் கப்பல்கள் பற்றிய ஆணைகளையும் காணலாம். இவற்றின் மொழி எளிமையானதுபோலத் தோன்றும். ஆனால் பல சொற்கள் கடல் தொழிலுக்கே உரிய பொருளில் வருபவை என்பதால், அகராதியை மட்டும் நம்பினால் தவறு நேரும்.

முதலில் ஆண்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் சென்னைக்குச் செயற்கைத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட, சரக்கும் ஆட்களும் மசூலா எனப்படும், பலகைகளைக் கயிற்றால் தைத்த படகுகளில் அலையைக் கடந்து கரை சேர்ந்தனர். அக்கால அறிவிப்புகளில் வரும் ‘மெட்ராஸ் ரோட்ஸ்’ என்பது இந்த நங்கூரமிடும் கடற்பரப்பையே குறிக்கிறது. அதைச் சாலை என்று மொழிபெயர்த்துவிட்டால் ஆணை முழுவதும் கரையேறிவிடும். அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்து, 1881-ஆம் ஆண்டுப் புயலில் பெரும் சேதமுற்று, மீண்டும் கட்டப்பட்ட பின்னரும் வாயில் கிழக்கு நோக்கியே இருந்தது. அது மூடப்பட்டு வடகிழக்கு வாயில் அமைந்தது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரான்சிஸ் ஸ்பிரிங் என்னும் பொறியாளர் துறைமுகப் பொறுப்பிலிருந்த காலத்தில்தான். ஆகவே ‘வாயில்’ என்று மட்டும் சொல்லும் அறிவிப்பை, ஆண்டு தெரியாமல் வரைபடத்தில் பொருத்த முடியாது.

கலங்கரை விளக்கத்துக்கும் இதே கதைதான். 1796 முதல் அது கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் மேல் எரிந்தது. 1844-இல் இன்றைய உயர்நீதிமன்ற வளாகத்திலுள்ள கல் தூணுக்கும், 1894-இல் நீதிமன்றக் கோபுரத்துக்கும் மாறியது. எடுத்துக்காட்டாக, ‘ஐந்து பாகம் ஆழத்தில் மிதவை, கலங்கரை விளக்கம் மேற்குக்கு ஒரு புள்ளி வடக்கே, மேலும் கால் புள்ளி வடக்கே’ என்று ஓர் அறிவிப்பு சொல்வதாகக் கொள்வோம். ஒரு பாகம் ஆறு அடி, ஆகவே ஆழம் முப்பது அடி. திசைகாட்டி வட்டத்தின் 32 புள்ளிகளில் ஒவ்வொன்றும் பதினொன்றே கால் பாகை என்பதால், ஒன்றேகால் புள்ளி ஏறத்தாழ 14 பாகை; மேற்கின் 270-உடன் சேர்க்க 284 வரும். ஆனால் இது மிதவையில் நின்று விளக்கத்தைப் பார்க்கும் திசை. விளக்கத்திலிருந்து கோடு வரைபவர் 180-ஐக் கழித்து 104 பாகையில் வரைய வேண்டும். இல்லையெனில் மிதவை நகருக்குள் போய் நிற்கும். திசை காந்த வடக்கைச் சார்ந்ததா, உண்மை வடக்கைச் சார்ந்ததா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேறு இரண்டு பொறிகளும் உண்டு. 1930-களின் தொடக்கம் வரை பிரிட்டிஷ் கப்பல்களில் ‘சுக்கானை வலப்புறம்’ என்ற கட்டளை சுக்கான் பிடியைக் குறித்தது. அதற்குக் கப்பல் இடப்புறம் திரும்பும். அடுத்தது கடிகாரம்: 1906-க்கு முந்தைய அறிவிப்பில் மெட்ராஸ் நேரம் தரப்பட்டிருந்தால், அது இன்றைய இந்திய நேரத்துக்கு ஏறத்தாழ ஒன்பது நிமிடம் பின்தங்கியது.

நோய்த்தடுப்பு ஆணைகளைப் படிக்கும்போது, அது எந்தச் சட்டத்தின்கீழ் பிறந்தது என்பதை முதல் வரியிலேயே தேட வேண்டும். 1870-ஆம் ஆண்டின் குவாரன்டைன் சட்டம், பம்பாயில் 1896-இல் பிளேக் தோன்றிய பின் வந்த 1897-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம், 1908-ஆம் ஆண்டின் துறைமுகச் சட்டம் ஆகியவற்றில் ஒன்று பெரும்பாலும் அங்கே இருக்கும். அடுத்து, நாள் கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். கப்பல் புறப்பட்ட நாளா, கடைசி நோயாளி கண்டறியப்பட்ட நாளா, வந்து சேர்ந்த நாளா என்பதைப் பொறுத்து அதே ‘பத்து நாள்’ வெவ்வேறு காத்திருப்பாகிவிடும். ‘நோயுற்ற’, ‘ஐயத்துக்குரிய’, ‘நலமான’ கப்பல் என்னும் மூன்று வகைகளும் இந்தக் கணக்கில்தான் பிரிந்தன. மஞ்சள் கொடி அன்று ‘நெருங்காதே’ என்னும் எச்சரிக்கை; இன்றோ அது, கப்பலில் நோயில்லை, கரையோடு தொடர்புகொள்ள அனுமதி தருக என்று கேட்கும் கொடி. இன்றைய பொருளை அன்றைய ஆணையில் ஏற்றிவிடக் கூடாது.

ஆணை யாரைக் கட்டுப்படுத்தியது என்பதே என் கணிப்பில் மிக முக்கியமான கேள்வி. மேல்தளத்தில் பயணம் செய்த டெக் பயணிகளுக்கும் தனி அறை பெற்ற கேபின் பயணிகளுக்கும் தனித்தனி விதி உள்ளதா என்று உட்பிரிவு உட்பிரிவாகப் பார்க்க வேண்டும். இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்களை இலங்கை அரசு இந்திய மண்ணிலேயே, மண்டபத்தில் முகாம் அமைத்துத் தடுத்துவைத்துச் சோதித்தது. அந்த ‘கேம்ப்’ இன்றும் ரயில் நிலையப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இத்தகைய முகாம்கள் பற்றிய ஆணைகளைத் துறைமுக ஆணைகளோடு சேர்த்துப் படித்தால்தான், கப்பலேறுவதற்கு முன்பே தொடங்கிய தடுப்பு கண்ணில் படும்.

கடைசியாக, ஆணையைக் கண்டதும் தொகுதியை மூடிவிடாமல் அடுத்தடுத்த வார இதழ்களில் அதன் ரத்து அறிவிப்பைத் தேட வேண்டும். அது பெரும்பாலும் இரண்டே வரியில், முந்தைய அறிவிப்பின் எண்ணையும் தேதியையும் மட்டும் சுட்டி வரும்; துறைமுகத்தின் பெயரைத் தேடுபவர்கள் கவனிக்காமல் தாண்டிவிடுவது எளிது. ஆகவே எண்ணைக் கொண்டே தேடுங்கள்.