எல்லைப்புறப் போதகர் ஒருவரின் வாழ்க்கையைத் தேடி எழுதுவது எப்படி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நார்வே, சுவீடன், டென்மார்க்கிலிருந்து கப்பலேறி அமெரிக்காவின் விஸ்கான்சின், அயோவா, மினசோட்டா பக்கம் குடியேறியவர்கள் நடுவே ஊழியம் செய்த ஒரு லுத்தரன் போதகரின் வாழ்க்கையை எழுதப் போகிறவர்கள் முதலில் கையில் எடுப்பது, பெரும்பாலும் அவருடைய சபை வெளியிட்ட நூற்றாண்டு விழா மலரைத்தான். அதைக் கடைசியில் படியுங்கள். விழா மலரில் எல்லாப் போதகரும் பனியில் மைல் கணக்கில் நடந்தார்கள், எல்லோரும் பொறுமைசாலிகள், யாருக்கும் கடனும் இல்லை, சண்டையும் இல்லை.

தொடங்க வேண்டியது அவரே கைப்பட எழுதிய சபைப் பதிவேட்டில். ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், அடக்கம் என்று மற்றவர்கள் கதையை எழுதிவைத்தவர் தன்னைப் பற்றி அதில் அதிகம் எழுதியிருக்க மாட்டார். ஆனால் ஒவ்வொரு பதிவின் தேதியையும் இடத்தையும் எடுத்து அந்தக் காலத்து வரைபடம் ஒன்றில் குறித்துக்கொண்டே வாருங்கள். எந்த வாரம் எங்கே இருந்தார், எந்தக் குடியிருப்புக்கு எப்போதாவதுதான் போனார், எந்தக் குளிர்காலத்தில் வெளியே கிளம்பவே இல்லை என்பதெல்லாம் மெல்லத் தெரியவரும். ஒரே நாளில் ஒரே வீட்டில் பல குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் நடந்து, அதில் சில குழந்தைகள் நடக்கிற வயதுக்கே வந்திருந்தால், அந்தப் பக்கம் போதகர் எவரும் எட்டிப் பார்த்து வெகுநாள் ஆகியிருக்கும். அடக்கப் பக்கத்தில் ஒரே மாதத்தில் குழந்தைகளாகவே வந்தால் தொற்றுநோயைச் சந்தேகிக்கலாம். நடுவில் கையெழுத்து மாறினால் அவர் நோயில் படுத்தாரா, வேறு சபைக்குப் போனாரா என்று பாருங்கள். எழுத்து பழைய கோதிக் கூட்டெழுத்தாக இருக்கும், முதலில் கண்ணே தெரியாது. எழுத்து அட்டவணை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தெரிந்த பெயர்களிலிருந்து படித்துப் பழகுங்கள்.

அடுத்து, அவர் எந்த வகைப் போதகர் என்று முடிவு செய்யுங்கள், ஏனென்றால் ஆவணங்கள் எங்கே கிடைக்கும் என்பது அதைப் பொறுத்தது. 1853-ல் அயோவாவின் டெக்கோராவுக்கு அருகே வந்த உல்ரிக் வில்ஹெல்ம் கோரன் போன்றவர்கள் நார்வேயில் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே குருப்பட்டம் பெற்று வந்தவர்கள். அவர்களுடைய படிப்பும் குடும்பமும் அந்த நாட்டு ஆவணங்களிலேயே இருக்கும். எல்லிங் ஐல்சன் வேறு ரகம். விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பட்டமில்லாமல் ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தவர், 1839-ல் அமெரிக்காவுக்கு வந்து 1843-ல்தான் குருப்பட்டம் பெற்றார். கிளாவுஸ் கிளாவுசன் டேனிஷ்காரர், 1843-ல் விஸ்கான்சினின் மஸ்கீகோவுக்கு ஆசிரியராக வந்து அதே வருடம் போதகரானார்; அமெரிக்க உள்நாட்டுப் போரில் 15-ஆம் விஸ்கான்சின் படைப்பிரிவுக்கு மதகுருவாகவும் போனார், அதனால் அவரை ராணுவ ஆவணங்களிலும் தேட வேண்டும். சுவீடன்காரர் என்றால் 1860-ல் உருவான அகஸ்டானா சினட்டின் (சினட் என்றால் பல சபைகள் சேர்ந்த திருச்சபை அமைப்பு) பதிவுகளைப் பாருங்கள். இல்லினாயின் ராக் ஐலண்டில் உள்ள ஸ்வென்சன் ஆய்வு மையம்தான் அதற்கு நல்ல இடம். நார்வேக்காரர்களுக்கு மினசோட்டாவின் நார்த்ஃபீல்டில் நார்வீஜிய-அமெரிக்க வரலாற்றுச் சங்கம் இருக்கிறது.

பெயர் விஷயத்தில் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். லார்ஸின் மகன் ஊலே என்றால் ஊலே லார்சன், அவருடைய மகன் ஊல்சன், அவ்வளவுதான்; நிரந்தரக் குடும்பப் பெயர் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் அதிகாரிகளும் போதகர்களும்தான். நார்வேக்காரருக்குப் பண்ணையின் பெயரும் சேரும், பண்ணை மாறினால் பெயரும் மாறும். ஆக, பெயரை மட்டும் வைத்து ஆளை அடையாளம் காணாதீர்கள். பிறந்த தேதி, தந்தை பெயர், பண்ணை, மூன்றும் ஒத்துப்போக வேண்டும். நார்வேயின் சபைப் பதிவேடுகளை அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்தின் டிஜிட்டலார்கிவெட் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சுவீடனில் போதகர் குடும்பம் குடும்பமாக வாசிப்பையும் ஞானோபதேசத்தையும் சோதித்து எழுதிய பதிவேடுகள் அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகமான ரிக்ஸ்ஆர்கிவெட்டில் உள்ளன, ஊரைவிட்டுப் போனவர் எங்கே போனார் என்பது வரை பல சமயம் அதில் இருக்கும்.

நிலத்தை விட்டுவிடாதீர்கள். போதகரும் நிலம் எடுத்திருக்கலாம். குடியேறுபவர்களுக்கு அரசு நிலம் தந்த 1862-ன் ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் வரை எடுத்து, ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்து நிரூபித்தவருக்கு அது சொந்தமானது. குடியுரிமை இல்லாதவர் அதைப் பெறும் எண்ணத்தையாவது பதிவு செய்திருக்க வேண்டியிருந்தது. பட்டாவை அமெரிக்க அரசின் நில நிர்வாக அலுவலகத்தின் தளத்தில் தேடலாம், ஆனால் சுவாரசியம் எல்லாம் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் முழுக் கோப்பில்தான்: வீட்டின் அளவு, உழுத ஏக்கர், சாட்சி சொன்ன அண்டை வீட்டுக்காரர்கள். மினசோட்டா என்றால் அந்த நிலம் அதற்கு முன் யாருடையது என்பதையும் எழுதுங்கள். தென் மினசோட்டாவின் பெரும்பகுதி 1851 ஒப்பந்தங்களில் பூர்வகுடிகளான டகோட்டா மக்களிடமிருந்து வாங்கப்பட்டது, 1862-ல் அங்கே போரும் மூண்டது. இதைச் சொல்லாமல் 'ஆளில்லாப் புல்வெளி' என்று ஆரம்பிக்கிற வாழ்க்கை வரலாறுகளை என்னால் நம்ப முடிவதில்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1900-ஆம் ஆண்டுப் படிவம் குடியேறிய வருடத்தைக் கேட்கிறது. 1890-ன் தாள்கள் அநேகமாக எல்லாமே அழிந்துவிட்டதால் அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அப்புறம் குடியேறியவர்கள் தங்கள் மொழியில் நடத்திய செய்தித்தாள்கள்: டெக்கோரா-போஸ்டென், ஹெம்லாண்டெட், ஸ்காண்டிநாவென். மரண அறிவிப்போடு நிறுத்திவிடாமல், சினட் சண்டைகள் பற்றிய கடிதங்களையும் படியுங்கள், இவர்கள் அச்சிலேயே ஒருவரையொருவர் கிழித்தெடுத்திருக்கிறார்கள்.

மனைவியை மறக்க வேண்டாம். வீட்டையும் பண்ணையையும் பார்த்தது அநேகமாக அவர்தான், போதகர் பாதி நாள் பயணத்தில். செயின்ட் ஓலாஃப் கல்லூரியை நிறுவியவர்களில் ஒருவரான பெர்ன்ட் யூலியஸ் மூஸ் மீது, தன் தந்தைவழிச் சொத்தைக் கேட்டு 1879-ல் மனைவி ஓலினே வழக்குப் போட்டார். அன்றைய நார்வே சட்டப்படி பணம் கணவன் கையில், மினசோட்டா சட்டப்படி மனைவிக்குச் சொந்தம். விவகாரம் சபையையே உலுக்கி, மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. எனவே கவுண்டி (மாவட்ட) நீதிமன்றக் குறியீட்டுப் புத்தகத்தில் உங்கள் போதகரின் பெயரைத் தேடும்போது பிரதிவாதிகள் பட்டியலையும் பாருங்கள், மனைவியின் பெயரைத் தனியாகவும் தேடுங்கள்.