மேடையிலிருந்து நகைச்சுவைத் தொடர் தயாரிப்புக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மைக் பிடித்து நாலு பேரைச் சிரிக்க வைத்தவர்களுக்கு அடுத்த ஆசை, சொந்தமாக ஒரு தொலைக்காட்சித் தொடர். இங்கே நம் இந்திய வம்சாவளியினர் நிறைந்த பகுதிகளான சாட்ஸ்வர்த்திலிருந்தும் பீனிக்ஸிலிருந்தும் வரும் தம்பி தங்கைகள் கதைச்சுருக்கத்தோடு என்னிடம் வருகிறார்கள். எங்கள் செட்டு சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். நேரத்துக்கு வா, குடித்துவிட்டு வராதே போன்ற புத்திமதிகளை விட்டுவிடுகிறேன்.

மேடை ஜோக்கை அப்படியே வசனமாக்குவது

மேடையில் ஒரே ஆள் மாமியாராகவும் மருமகளாகவும் பேசலாம். தொடரில் மாமியாருக்கென்று தனி ஆசை, தனிக் கோபம் வேண்டும். 1989-இல் தொடங்கிய 'சைன்ஃபெல்ட்' தொடரில் ஜெர்ரியின் மேடைப் பேச்சைத் தனித் துண்டுகளாகத்தான் வைத்தார்கள். கதையை நகர்த்தியது நான்கு பேரின் சிக்கல்கள்.

தொகை எழுதிய பக்கத்தை மட்டும் படிப்பது

இங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. கல்யாண வீட்டுப் பிரியாணியில் உருளைக்கிழங்கை எண்ணும் ஓர் ஆன்ட்டியை மேடையில் வளர்த்தெடுத்தார் ஒரு தங்கை. அந்த ஆன்ட்டி முந்தானையை இழுத்துச் செருகினாலே கைதட்டல். ஒரு நிறுவனம் தொடர் கேட்டது, கையெழுத்துப் போட்டார். ஒரே சீசனோடு நிறுத்திவிட்டு மறு ஒளிபரப்பு செய்துகொண்டே இருந்தார்கள். அவருக்கு ஒரு ராண்ட் வரவில்லை. சரி, மேடைக்கே திரும்பலாம் என்று போஸ்டர் ஒட்டினால் வக்கீல் கடிதம்: ஆன்ட்டி எங்களுடையவர்.

தென்னாப்பிரிக்காவின் 1978-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 21-ஆம் பிரிவைப் பாருங்கள். பணம் தருகிறேன் என்று சொல்லி ஒரு படத்தை எடுக்கச் சொன்னவருக்கே அதன் பதிப்புரிமை. தொலைக்காட்சி எபிசோடும் அதில் சேரும். ஆனால் ஒப்பந்தத்தில் இதை மாற்றி எழுதிக்கொள்ளவும் அதே பிரிவு இடம் தருகிறது. அந்த வரியை ஒருவரும் படிப்பதில்லை! ஸ்கிரிப்ட் வேறு கதை. யாரிடமும் சம்பளத்துக்கு இல்லாமல் நீங்களாக எழுதியது என்றால் அது உங்களுடையது; எழுத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் கைமாறும். தங்கை அதையும் சேர்த்துத்தான் எழுதிக் கொடுத்திருந்தார், கடைசிப் பக்கங்களில் எங்கேயோ.

மேடை உரிமை உங்களிடமே இருக்க வேண்டும். மறு ஒளிபரப்பிலும் வெளிநாட்டு விற்பனையிலும் பங்கு கேளுங்கள். குறிப்பிட்ட காலத்துக்குள் படப்பிடிப்பு தொடங்காவிட்டால் எல்லாம் உங்களுக்கே திரும்ப வேண்டும் என்றும் எழுதச் சொல்லுங்கள். முடியாது என்பார்கள். பாதி கிடைத்தாலும் லாபம்தான். வக்கீல் கட்டணம் கட்டுப்படியாகாது என்று என்னிடம் அழுபவர்கள் கேமரா வாடகைக்குப் பேரம் பேசி நான் பார்த்ததில்லை.

சித்தப்பா மகனுக்கு வேடம் கொடுப்பது

வேண்டாம்.

ஜெனரேட்டரை மறப்பது

லோட் ஷெட்டிங் எனும் சுழற்சி மின்வெட்டு ஓய்ந்துவிட்டது என்று நம்பி பட்ஜெட்டில் அந்த வரியை அடிக்காதீர்கள்.

சாட்ஸ்வர்த் பேச்சை மழுங்கடிப்பது

ஜோஹன்னஸ்பர்க்கில் புரியாது என்று சேனல்காரர் சொல்வார். கீழே எழுத்து போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், வசனத்தில் கை வைக்க விடாதீர்கள்.