விண்வெளி நிலையத்தைப் பார்க்கும் வேளையில் பிள்ளையிடம் பேசுங்கள்

விண்வெளி பற்றி ஓயாமல் கேள்வி கேட்கும் பதின்பருவப் பிள்ளைகள், நண்பருடன் ஏற்பட்ட மனத்தாங்கலையோ தேர்வு பயத்தையோ வீட்டில் எளிதில் சொல்வதில்லை. கடலூரில் வசிப்பவர்கள், சர்வதேச விண்வெளி நிலையம் நம் வானைக் கடக்கும் நேரத்தை நாசாவின் ‘ஸ்பாட் த ஸ்டேஷன்’ செயலியில் பார்த்துக்கொண்டு, மேகமற்ற மாலையில் பிள்ளையைச் சில்வர் பீச்சுக்கு அழைத்துச் செல்லலாம். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை பூமியைச் சுற்றிவரும் அந்நிலையத்தின்மீது, தரையில் இருள் சூழ்ந்த பின்னும் வெயில் படுவதால், அது விமானத்தைப் போல மின்னி மின்னி மறையாமல், சீரான ஒளிப்புள்ளியாகச் சில நிமிடங்கள் நகர்வதை வெறுங்கண்ணாலேயே காணலாம். காத்திருக்கும் நேரத்தில், அங்கே மாதக்கணக்கில் தங்கும் வீரர்களும் குடும்பத்தினருடனும் உளவியல் நிபுணருடனும் பேசிக்கொள்கிறார்கள் என்பதைச் சொல்லுங்கள். பிள்ளை மனம் திறந்தால், அறிவுரையை ஒத்திவைத்து முழுவதும் கேளுங்கள். இதுவே மிக முக்கியம் என்று நான் கருதுகிறேன்.