வாராவாரம் வர்ற கீரைப் பெட்டியும் எங்க வீட்டு ஃப்ரிட்ஜும்

சிங்கப்பூர்ல கிராஞ்சி பக்கம் ஒரு பண்ணையிலேர்ந்து சனிக்கிழமை தோறும் காய்கறிப் பெட்டி வர்ற மாதிரி பணம் கட்டினோம், வீட்டுல நாங்க மூணே பேரு, வர்றதோ கங்கோங், பாயம், சாய் சிம், காய்லான்னு இந்த ஊரு கீரைங்க, முக்காவாசி இலைதான். முதல் மாசம் பாதி குப்பைக்குப் போச்சு. புதன்கிழமை திறந்து பாத்தா கங்கோங் பைக்குள்ளயே தண்ணி விட்டு கருப்பா கொழகொழன்னு கெடக்கும், அம்மா பாத்துட்டு "காசு குடுத்து குப்பையா வாங்குற?"ன்னாங்க.

தப்பு எங்கன்னா, வந்த உடனே எல்லாத்தையும் கழுவி வெச்சதுதான். அந்த ஈரம்தான் அழுக வைக்குது. இப்ப கழுவறதே இல்ல, மஞ்ச இலைய பொறுக்கிட்டு பழைய தமிழ் முரசு பேப்பர்ல சுருட்டி, வாய் கட்டாத பையில போட்டு கீழ் டிராயர்ல வெக்கிறேன், சமைக்கும்போதுதான் கழுவறது. தக்காளி, வாழைப்பழம் பக்கத்துல வெக்கக்கூடாது, அதுலேர்ந்து வர்ற எத்திலீன் வாயு கீரைய சீக்கிரம் மஞ்சளாக்கிடும்.

அப்புறம் வரிசை. கங்கோங், பாயம் ரெண்டும் ஞாயித்துக்கிழமைக்குள்ள காலி, ஒண்ணு சம்பால் மொளகா விழுது போட்டு, இன்னொண்ணு பருப்போட கடைஞ்சு. காய்லான் வியாழன் வரைக்கும் தாங்கும். அதோட தண்ட முன்னாடி தூக்கிப் போடுவேன், இப்ப தோல் சீவி பொடிசா நறுக்கி தேங்கா போட்டு பொரியல், சத்தியமா இலைய விட அதுதான் ருசி. வெள்ளிக்கிழமை மிஞ்சினது எதுவா இருந்தாலும் வதக்கி, புளி மொளகா வெச்சு தொகையல். சாய் சிம் தொகையல் மட்டும் கசந்துச்சு, அத மீ கோரெங் நூடுல்ஸ் வறுக்கும்போது போட்டுடறேன்.