11 லட்சத்தை விழுங்கிய ஃப்ரிட்ஜும் டிவியும்

காட்பாடியில் வாங்கிப் போட்ட மனையில் வீடு கட்டக் கடன் கேட்டுப் போனேன். வங்கி மேலாளர், என் கடன் கணக்கெல்லாம் பதிவாகியிருக்கும் சிபில் அறிக்கையைத் திருப்பிக் காட்டினார். ஆடித் தள்ளுபடியில் எடுத்த ஃப்ரிட்ஜ், டிவி, தம்பிக்காக என் பெயரில் வாங்கிய செல்போன். மூன்றுக்கும் சேர்த்து மாதம் 9,400 ரூபாய்.

"வட்டியில்லாத் தவணைதானே சார்?"

"வட்டி இல்லன்னாலும் கடன்தாங்க."

8.5 சதவீத வட்டியில், 20 வருடக் கடனுக்கு லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 868 ரூபாய். அப்படிப் பார்த்தால், வீட்டுக் கடன் தவணைக்குப் போயிருக்க வேண்டிய அந்த 9,400 ரூபாய் கிட்டத்தட்ட 11 லட்சம் கடனை விழுங்கியிருந்தது!

சீட்டை எடுத்து ஃப்ரிட்ஜையும் டிவியையும் அடைத்தேன். செல்போன் கடன்தான் படுத்தியது. தம்பி கட்டி முடித்து ஆறு மாதமாகியும் அறிக்கையில் பாக்கி என்றே இருந்தது. கடன் கொடுத்த நிறுவனத்திடம் நடையாக நடந்து, கடன் தீர்ந்ததற்கான தடையில்லாச் சான்று வாங்கி, சிபில் தளத்தில் புகார் போட்டேன். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி விதி. எனக்கு மூன்றே வாரத்தில் திருத்திவிட்டார்கள். அப்புறம்தான் மேலாளர் மனைப் பத்திரத்தையே கையில் வாங்கினார்.